சிங்கப்பூர் சிலோசோ கோட்டை: வயசானவர்கள் போய்ப் பார்க்கலாமா? (சேலத்திலிருந்து போய் வந்தவர்கள் சொல்லுங்கள்)

#1 அம்மாபேட்டை_ரிட்டயர்டு

எல்லோருக்கும் வணக்கம். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பொங்கல் முடிந்ததும் நானும் வீட்டுக்காரம்மாவும் போகிறோம். நாமக்கல் வழியாகத் திருச்சி, அங்கிருந்து விமானம்.

செந்தோசா தீவுக்கு என்று ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறான். பேரனுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ். எனக்கு ராட்டினமும் கூச்சலும் ஒத்துவராது. அதே தீவின் மேற்குக் கோடியில் சிலோசோ என்று ஒரு பழைய கடற்கரைக் கோட்டை இருக்கிறதாம், அதை ராணுவ அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்களாம். "அங்கே என்னப்பா இருக்கு, நாலு பீரங்கி" என்கிறான் மகன். எனக்கோ அந்த நாலு பீரங்கியைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி. சங்ககிரி மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனபோது இரண்டாவது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இதுவும் அப்படி ஏறும் கோட்டையா? நுழைவுக் கட்டணம் எவ்வளவு? அரை நாள் போதுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 சிங்கை_ஓமலூரான்

ஐயா, தாராளமாகப் போங்கள். இது சங்ககிரி மாதிரி இல்லை. கோட்டை ஒரு சின்னக் குன்றின் மேலே இருக்கிறது, ஆனால் ஏற வேண்டியதில்லை. 2015-ல் ஒரு நடைபாலம் கட்டிவிட்டார்கள். கண்ணாடி லிஃப்ட்டில் பதினோரு மாடி உயரம் போய் இறங்கினால் 181 மீட்டர் நீளத்துக்கு மரங்களின் தலைக்கு மேலேயே நடை. அது நேராகக் கோட்டை வாசல் பக்கம் கொண்டுபோய் விடும். பாலத்துக்கும் காசில்லை, கோட்டைக்கும் காசில்லை. சிங்கப்பூரில் காசில்லாமல் கிடைக்கிற இரண்டே இரண்டு விஷயம் இதுதான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஹார்பர்ஃப்ரன்ட் ஸ்டேஷனில் இறங்கி, விவோசிட்டி மாலுக்குள் மேலே போனால் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். உள்ளே போகும்போது மட்டும் கட்டணம், திரும்பி வரும்போது கிடையாது. கடைசி நிறுத்தம் பீச் ஸ்டேஷன். அங்கிருந்து தீவுக்குள் ஓடும் இலவச பஸ்ஸில் சிலோசோ பாயிண்ட் என்று கேட்டு ஏறிக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போய்விடுங்கள். வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லும். நம் ஊர் சித்திரை வெயில் பழகினவர்களுக்கும் அந்த ஈரக் காற்று தாங்காது. சட்டை பிழிகிற மாதிரி நனைந்துவிடும். தண்ணீர் பாட்டில், தொப்பி, கொசு மருந்து. உள்ளே பாதை ஏற்ற இறக்கமாகத்தான் போகும், படிகளும் உண்டு. அம்மாவுக்கு முடியாவிட்டால் மேல்தளத்தில் நிழலில் உட்கார இடம் இருக்கிறது.

#3 சூரமங்கலம்_சைக்கிள்

பீரங்கியெல்லாம் தப்பான பக்கம் பார்த்து வைத்திருந்தார்களே, அந்த ஊர்தானே? கடலைப் பார்த்துக் குறிவைத்துக் காத்துக்கொண்டிருந்தான் வெள்ளைக்காரன், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக சைக்கிளில் வந்து கதவைத் தட்டினான் என்று ஸ்கூலில் வாத்தியார் சொல்லிச் சிரித்தார். சைக்கிள்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை வேறு 😀

#4 பீரங்கி_பென்ஷன்

தம்பி, உங்கள் வாத்தியாரைக் குறை சொல்லவில்லை. உலகம் முழுக்க இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் ஆர்ட்டிலரியில் இருந்து ஓய்வு பெற்றவன், தேவ்லாலியில் பயிற்சி எடுத்தவன். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

சைக்கிள் விஷயம் உண்மை. 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவின் வடகிழக்கில் கோத்தா பாருவில் ஜப்பானியர்கள் இறங்கினார்கள். இரண்டே நாளில், டிசம்பர் 10 அன்று, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. சிங்கப்பூரைக் காக்க வந்த கப்பல்கள் அவை. அதற்குப் பிறகு தீபகற்பம் முழுக்கக் கீழே இறங்கி, பிப்ரவரி 8 இரவு ஜோகூர் நீரிணையைத் தாண்டி வடக்கிலிருந்து தீவுக்குள் வந்தார்கள். எல்லாம் சரி.

பீரங்கி திரும்பவில்லை என்பதுதான் சரியில்லை. பெரும்பாலானவை திரும்பின. அங்கே இருந்ததிலேயே பெரியது 15 அங்குல வாய் கொண்டவை, மொத்தம் ஐந்து. சாங்கி பக்கம் ஜோகூர் பேட்டரியில் (பேட்டரி என்றால் பீரங்கித் தொகுதி) மூன்று, புவோனா விஸ்தாவில் இரண்டு. கடைசி இரண்டுதான் வடக்கே திரும்ப முடியாதவை. சாங்கி பக்கத்தில் இருந்தவை நிலத்தை நோக்கிச் சுட்டன. சிலோசோவிலும் பீரங்கிகளைக் கரைப்பக்கம் திருப்பிச் சுட்டிருக்கிறார்கள்.

அப்புறம் எங்கே கோளாறு? குண்டில். கடற்கரைப் பீரங்கிக்குக் கொடுத்து வைத்திருந்தது பெரும்பாலும் கவசம் துளைக்கும் குண்டு. போர்க்கப்பலின் தடித்த இரும்பைத் துளைத்து உள்ளே போய் வெடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அது ரப்பர் தோட்டத்து ஈர மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? ஆழமாகப் புதைந்து வெடிக்கும், மண்ணை வாரி இறைக்கும், பத்தடி தள்ளிப் படுத்திருக்கிற சிப்பாய் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். காலாட்படைக்கு எதிராக வேண்டியது எச்.இ. குண்டு, அதாவது தரையில் பட்டவுடன் சிதறுவது. அது கையிருப்பில் கொஞ்சம்தான். போதாததற்கு, குண்டு எங்கே விழுகிறது என்று முன்னால் நின்று பார்த்துத் திருத்தம் சொல்ல ஆள் வேண்டும். காடும் தோட்டமும் மறைத்த இடத்தில் அது லேசில் நடக்காது. கடலில் கப்பல் கண்ணுக்குத் தெரியும்.

அம்மாபேட்டை ஐயா, நீங்கள் போனால் ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். குன்றின் உச்சியில் பேட்டரி கமாண்ட் போஸ்ட், அதாவது பீரங்கிகளுக்கு உத்தரவு போகிற இடம், இருக்கிறது. எதற்காக அவ்வளவு உயரத்தில்? காட்சிக்காக மட்டும் இல்லை. ராடார் இல்லாத காலம். கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடல் மட்டத்திலிருந்து நாம் நிற்கும் உயரம் தெரியும். கப்பல் தண்ணீரைத் தொடும் கோட்டைத் தொலைநோக்கியில் பிடித்தால் கீழ்நோக்கிய கோணம் தெரியும். உயரமும் கோணமும் கையில் இருந்தால் தூரம் வந்துவிடும். பத்தாம் வகுப்பு இறக்கக் கோணக் கணக்குதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அலை ஏற்ற இறக்கத்துக்குக் கூட்டிக் கழித்துக்கொள்வார்கள், ஏனென்றால் அலை ஏறினால் நம் உயரம் குறைகிறது. இந்தக் கணக்கு கடலுக்கு மட்டும்தான் பொருந்தும், நிலம் சமமாக இருப்பதில்லையே. பீரங்கி திரும்பியது, அதற்குக் கண்ணாக இருந்த கருவி திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#5 சூரமங்கலம்_சைக்கிள்

அண்ணா, வணங்குகிறேன். வாத்தியார் இப்போது இருந்திருந்தால் உங்களிடம் அனுப்பி வைத்திருப்பேன். ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டி, அதில் ஒரு போர்க்கப்பலையாவது சுட்டார்களா?

#6 பீரங்கி_பென்ஷன்

சுட வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொள்வதுதான் கோட்டையின் வேலையே. பீரங்கி இருக்கிறது என்று தெரிந்தால் எதிரிக் கப்பல் அந்தப் பக்கம் வராது. ஜப்பான்காரன் கடல் வழியாக வராமல் காடு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததற்கு இந்தப் பீரங்கிகளும் ஒரு காரணம். காவல்காரன் வாசலில் நின்றதால் திருடன் கொல்லைப்புறம் வந்தான், அதற்குக் காவல்காரனைத் திட்டினால் எப்படி? கொல்லைப்புறத்துக்கு ஆள் போடாதவனைக் கேளுங்கள்.

#7 சேர்வராயன்_மிளகு

எல்லோரும் மன்னிக்கவும், கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். நமக்கு எதற்கு வெள்ளைக்காரன் கோட்டை? சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தது, கப்பல் போக்குவரத்து பெருகியது, துறைமுகத்தையும் நிலக்கரியையும் காப்பாற்றிக்கொள்ளக் குன்றின் தலையைச் சீவி 1870களின் கடைசியிலும் 1880களிலும் பீரங்கி வைத்தான். அவன் வியாபாரத்துக்கு அவன் காவல் போட்டான். அதை நாம் போய் வாய் பிளந்து பார்த்து, பீரங்கி வாயில் தலையை விட்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். நம் பக்கத்தில் சங்ககிரி கிடக்கிறது. தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட இடம். ஆடிப்பெருக்குக்குப் போவதோடு சரி, மற்ற நாளில் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? நான் ஏற்காட்டிலிருந்து இறங்கிப் போகிற ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், வழியில் ஒரு விளக்கப் பலகை கிடையாது.

#8 மரவனேரி_டீச்சர்

சங்ககிரிக்கு நல்ல விளக்கப் பலகை வேண்டும் என்பதில் உங்களோடு நூறு சதவீதம் உடன்படுகிறேன் மிளகு சார். மற்றதில் இல்லை.

ஏற்காட்டில் காபி வந்தது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். வெள்ளைக்காரன் வைத்தது என்று நீங்கள் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடவில்லையே, மிளகுக் கொடியை அதன் நடுவேதானே ஏற்றியிருக்கிறீர்கள்.

விஷயம் அது இல்லை. "அவன் கோட்டை" என்கிறீர்கள். கோட்டையைக் கட்டினவன் பிரிட்டிஷ்காரன், உள்ளே நின்றவர்களில் எத்தனை பேர் நம்மவர்கள் என்று பாருங்கள். ஹாங்காங் சிங்கப்பூர் ராயல் ஆர்ட்டிலரி என்று ஒரு படை இருந்தது. அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள், கன்னர்கள் (பீரங்கி இயக்கும் சிப்பாய்கள்) இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். அதில் பெரிய பங்கு இந்தியச் சிப்பாய்கள். இரண்டே நாளில், 17-ம் தேதி, வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தனியே பிரித்துச் சாங்கிக்கு அனுப்பிவிட்டு, சுமார் 45,000 இந்தியர்களை ஃபாரர் பார்க் மைதானத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவும் கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள். இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் கிளம்பியது. அடுத்த வருடம் ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபோது அதில் சேர்ந்தவர்களில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். பெண்களும் சேர்ந்தார்கள், ஜான்சி ராணிப் படையில்.

சேராதவர்களின் கதை இன்னும் கொடுமை. சயாம் பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குப் போன குடும்பம் உங்கள் சொந்தத்திலேயே ஒன்று இருக்கும், விசாரித்துப் பாருங்கள். அதனால் இது நம் கதை இல்லை என்று எழுந்து போக முடியாது.

#9 சேர்வராயன்_மிளகு

டீச்சர், காபிச் செடியை இழுத்தது அநியாயம் 😄 ஆனால் நீங்கள் சொன்ன 45,000 பேரில் ஒருவராவது அந்த அருங்காட்சியகத்தில் தெரிகிறாரா? மெழுகு பொம்மைகள் எல்லாம் வெள்ளைக்காரத் தளபதியும் ஜப்பானியத் தளபதியும்தான் என்று கேள்விப்பட்டேன்.

#10 சிங்கை_ஓமலூரான்

அது நியாயமான கேள்வி. சரணடைந்த காட்சிகள் இரண்டையும் மெழுகு உருவங்களாக வைத்திருக்கிறார்கள். ஒன்று 1942, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைவது. இன்னொன்று 1945 செப்டம்பர் 12, சிட்டி ஹாலில் ஜப்பானியர்கள் மவுண்ட்பேட்டனிடம் சரணடைவது. மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தளபதிகள்தான். நீங்கள் சொல்வது சரி, கன்னர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தியர்களைப் பார்க்க வேண்டும் என்றால் கிராஞ்சி போர்க் கல்லறைக்குப் போங்கள். கல்லறையே இல்லாமல் போன 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே தூண்களில் வெட்டியிருக்கின்றன. சிங், கான் என்று வரிசை வரிசையாகப் போகும். ஃபோர்டு தொழிற்சாலையும் இப்போது அருங்காட்சியகம்தான், அசல் கட்டடத்தின் முன்பகுதி இருக்கிறது. பெர்சிவல் உட்கார்ந்த அறையை அங்கே பார்க்கலாம், சிலோசோவில் இருப்பது பொம்மைதான். யமஷிதாவிடம் அப்போது ஆளும் குறைவு, குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது, மிரட்டியே வாங்கிவிட்டதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். சூதாட்டக்காரன் வெற்றி.

#11 கன்னங்குறிச்சி_பேரன்

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா? என் பையனுக்கு எட்டு வயசு. பீரங்கி என்றால் உயிர். ஆனால் சுரங்கம், இருட்டு, பொம்மை என்றால் பயந்து கத்துவான்.

#12 சிங்கை_ஓமலூரான்

தாராளமாக. சுரங்கங்களுக்குள் விளக்கு இருக்கிறது, குளுகுளு என்று இருக்கும். மயில் வேறு அங்கே இஷ்டத்துக்கு அலையும். பையன் பீரங்கியை விட்டுவிட்டு மயில் பின்னால் ஓடுவான், பாருங்கள்.

#13 அம்மாபேட்டை_ரிட்டயர்டு

திரும்பி வந்துவிட்டோம். இவ்வளவு சொன்னவர்களுக்குப் போய் வந்த கதையைச் சொல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

நடைபாலத்தில் வீட்டுக்காரம்மா என்னைவிட வேகமாக நடந்தார். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கடல், வரிசையாகச் சரக்குக் கப்பல்கள். கோட்டைக்குள் நுழைந்ததும் அவர் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு "நீங்க போய்ப் பீரங்கிய எண்ணிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

முதலில் போய் நின்றது 7 அங்குலப் பழைய பீரங்கி முன்னால். வாய் வழியாகவே குண்டு போடும் வகை. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் உள்சுவரில் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கிறது, விரல் நுழைகிற அகலம். குண்டின் உடம்பில் குமிழ் குமிழாக வைத்து, அந்தப் பள்ளத்தில் பொருத்தித் தள்ளுவார்களாம், சுடும்போது சுழன்றுகொண்டே போகுமாம். குண்டு ஏறக்குறைய ஐம்பது கிலோ, ஒரு சிப்பம் அரிசியைவிடக் கனம். அதைத் தூக்கிக்கொண்டு பீரங்கிக்கு முன்னால், எதிரி பார்க்கிற பக்கம் வந்து நின்றுதான் நிரப்ப வேண்டும். ஒருமுறை சுட்டதும் உள்ளே நெருப்புப் பொறி மிச்சம் இருந்தால் அடுத்த மருந்து போடும்போதே ஆள் காலி. அதனால் ஈரத் துணி சுற்றிய கழியால் துடைத்துவிட்டுத்தான் மறுபடி நிரப்புவார்களாம். சற்றுத் தள்ளி 6 அங்குலப் பீரங்கி, பின்பக்கம் கதவு திறந்து நிரப்புவது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கதவு வந்ததும் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று தோன்றுகிறது.

வெடிமருந்துக் கிடங்குச் சுரங்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். செங்கல் வளைவு, மேலே வெள்ளையடித்து, சுவர் வியர்த்திருக்கிறது. மின்சாரம் இல்லாத காலத்தில் வெடிமருந்து அறைக்குள் விளக்கை எப்படிக் கொண்டுபோவது? அந்தக் காலக் கோட்டைகளில் விளக்குக்கென்று தனி வழி விட்டிருப்பார்களாம். விளக்கு அந்தப் பக்கம், நடுவில் கண்ணாடி, வெளிச்சம் மட்டும் மருந்து அறைக்குள் வரும். உள்ளே போகிறவன் இரும்பு ஆணி வைத்த பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு சீன முதியவர் அவர் பேத்திக்கு இதையே விளக்கிக்கொண்டிருந்தார். மொழி புரியவில்லை, ஆனால் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றுவது போல் நடித்துக் காட்டியதில் எல்லாம் புரிந்தது.

பீரங்கி_பென்ஷன் சொன்ன கமாண்ட் போஸ்ட்டிலும் போய் நின்றேன். அவர் சொன்ன கணக்கு மனதில் இருந்ததால், ஒரு டேங்கர் கப்பலைப் பார்த்துக் கோணம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கப்பல் தப்பித்துப் போய்விட்டது.

மெழுகு அறையில் மகனும் வந்து சேர்ந்துகொண்டான். பெர்சிவல் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவருக்கு அப்ரைசல் மோசமா இருந்திருக்கும்" என்றான். அதற்குப் பிறகு அவனே எல்லாப் பலகையையும் நின்று படித்தான். ஜப்பானியர் காலத்தில் இதே கோட்டையைப் போர்க் கைதிகளை அடைக்கும் முகாமாக வைத்திருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. வருடக்கணக்கில் அந்த ஊரிலேயே இருக்கிறான்.

மிளகு சார் சொன்னதையும் மறக்கவில்லை. இந்திய கன்னர்களைத் தேடினேன். படங்களில் தலைப்பாகையோடு சிலர் தெரிகிறார்கள், பெயர் இல்லை. அதனால் அடுத்த வாரம் கிராஞ்சிக்கும் போனோம்.

#14 சேர்வராயன்_மிளகு

ஐயா, போய்த் தேடினீர்களே, அதுவே போதும். பெயர் இல்லாத தலைப்பாகை என்பதுதான் என் வழக்கும். ஆனால் சிங்கப்பூர்க்காரர்களைப் பாராட்ட வேண்டும். தங்களை ஆண்டவன் கட்டிய கோட்டை, தாங்கள் தோற்ற நாள், இரண்டையும் மறைக்கவில்லை. 2022 பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்து எண்பது வருடம் ஆன அதே நாளில், சிலோசோவைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். தோற்ற தேதியைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். நாமாக இருந்தால் நல்ல நேரம் பார்த்திருப்போம்.

#15 மரவனேரி_டீச்சர்

அம்மாபேட்டை ஐயா, அந்தச் சூட்டோடு சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அதுவும் கடற்கரைக் கோட்டைதான், 1640-ல் தொடங்கியது. ஒரு காலத்தில் அலை சுவர்ப்பக்கம் வரை வந்துகொண்டிருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1749-ல் திரும்பக் கொடுத்தார்கள். 1792-ல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கம்பெனி கைக்குப் போனபோது நம் ஊருக்கு உத்தரவு வந்ததெல்லாம் அங்கிருந்துதான். துப்பாக்கி, வாள், சீருடை, பீரங்கிக் குண்டு எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் அந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏற்றிய பட்டுக் கொடி கண்ணாடிக்குள் இருக்கிறது. அதற்காகவே போகலாம்.

#16 அம்மாபேட்டை_ரிட்டயர்டு

டீச்சர், அடுத்த மாதம் சென்னையில் ஒரு கல்யாணம், வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டு மதியம் ரயில் பிடிக்கலாமா?

#17 மரவனேரி_டீச்சர்

வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை ஐயா. கல்யாணத்துக்கு முதல் நாளே கிளம்பிப் புதன்கிழமை பார்த்துவிடுங்கள். தலைமைச் செயலகமும் அதே கோட்டைக்குள்தான், வாசலில் போலீஸ் சோதனை உண்டு. ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பையோடு போகாதீர்கள். சித்திரக் கூடம் மாடியில் இருக்கிறது, படி ஏற வேண்டும், அம்மாவுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.